கை தூக்க முடியவில்லை, கோளாறு கல்லீரலிலா?

சகோதரிகளே, இந்த முறை வந்த தபாலில் ஒரு கடிதம், மற்றக் கடிதங்களைப் பிரிக்கவே விடாமல் என்னை உட்கார்த்தி வைத்துவிட்டது. பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, மீதியை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"அம்மா, நாங்க கூட்டுக் குடும்பம். எனக்கு இது ஏழாம் மாசம். என் ஓர்ப்படிக்கு நாப்பத்து மூணு வயசு. போன சம்பா நடவு சமயத்துலேயே, ‘வரப்பு மேல காலை எடுத்து வைக்க முடியலடி'ன்னு சொன்னாங்க. அசதின்னு விட்டுட்டோம். அப்புறம் தரையில உக்காந்தா எழுந்திருக்கத் தூணைப் பிடிச்சாங்க. தலை வாரக் கை தூக்க முடியல. குடத்தை இடுப்புக்கு ஏத்த முடியல. ‘வேலைக்குக் கள்ளம்'னு அத்தை ஏசினாங்க. ரத்தம் பார்த்ததுல கல்லீரல் கணக்கு ஏறியிருக்குன்னு சொன்னாங்க. காமாலைதான்னு முடிவு பண்ணி ரெண்டு மாசம் கீழாநெல்லி கொடுத்தோம். கண்ணு மஞ்சளாவே இல்ல. கடைசியில தஞ்சாவூர்ல ஒரு டாக்டரம்மா கண் இமையையும் விரல் முட்டியையும் பார்த்துட்டு, இது தசை அழற்சின்னாங்க. மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல ‘பி' வைரஸ் இருக்குன்னு வந்துது. ஸ்கேன்ல கல்லீரல்ல நெல்லிக்காய் அளவு கட்டி. புற்றுநோயாம். ஒரே ஆளுக்கு இத்தனையுமா? எல்லாம் தனித்தனி வியாதியா, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமா? அக்காவுக்குத் தட்டு, டம்ளர் தனியா வெச்சாச்சு. என் வளைகாப்புல அவங்க கை படக் கூடாதுன்னு அத்தை சொல்றாங்க. என் குழந்தைக்கு வந்துடுமா?"

சம்பந்தம் உண்டு, அம்மா. இத்தனையும் ஒரே நூலில் கோத்த மணிகளாக இருக்கக் கூடும். உங்கள் குழந்தையைக் காப்பாற்றவும் வழி உண்டு. ஆனால் முதலில் அந்த வரப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம்மில் பல பேர் தவறவிடுகிற இடம் அதுதான்.

நடவு, களையெடுப்பு என்று நாள் முழுக்கக் குனிந்து எழுந்த பெண்ணுக்கு இடுப்பு வலியும் தொடை வலியும் சகஜம். வலி வேறு, பலம் போவது வேறு. அசதி ஒரு நாள் ஓய்வில், ஒரு வெந்நீர்க் குளியலில் குறையும். தசை அழற்சியில் வலி கொஞ்சமாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்; பலம் மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே போகும். அதுவும் எங்கே? தோள், மேற்கை, இடுப்பு, தொடை ஆகிய உடம்புக்கு நடுவே உள்ள பெரிய தசைகளில். பூத் தொடுக்க விரல் ஓடும். அந்தப் பூவைத் தலையில் வைத்துக் கொள்ளக் கை எழும்பாது. சமமான தரையில் நடக்க முடியும். பஸ் படியில் ஏற முடியாது. கொடியில் புடவை உலர்த்துவது, பரணிலிருந்து டப்பா எடுப்பது, குந்தி உட்கார்ந்து எழுந்திருப்பது என்று பெண்களின் அன்றாட வேலையிலேயே நோய் முதலில் தன்னைக் காட்டிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு, கள்ளம் என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம். விழுங்கும்போது சோறு தொண்டையில் நின்றாலோ, குடித்த தண்ணீர் மூக்கில் ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்தத் தசை அழற்சியோடு தோலும் சேர்ந்து பாதிக்கப்படுவதை டெர்மடோமயோசைட்டிஸ் என்கிறார்கள். பெயர் வாயில் நுழைய வேண்டாம், அடையாளம் மனத்தில் நின்றால் போதும். மேல் இமைகள் லேசாக வீங்கி, ஊதா கலந்த நிறமாக மாறும். நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் அந்த ஊதா பளிச்சென்று தெரியாது. மங்கு விழுந்த மாதிரி, தூக்கம் கெட்ட மாதிரிதான் தெரியும். விரல் முட்டிகளின் மேல் தடித்த, சற்றே செதில் விட்ட திட்டுகள் வரும். நகக் கண்ணைச் சுற்றிச் சிவக்கும். கழுத்தடியிலும் தோளிலும் வெயில் பட்ட இடமெல்லாம் கறுத்து அரிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. இமையையும் முட்டியையும் பார்த்த அந்த டாக்டரம்மாவுக்கு நீங்கள் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இனி, அந்தக் ‘கல்லீரல் கணக்கு' ஏன் ஏமாற்றியது என்று பார்ப்போம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு வரிகள் இருக்கும். எண் ஏறியிருந்தால் கல்லீரல் கெட்டிருக்கிறது என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்த இரண்டு பொருளும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் உண்டு. தசை நைந்தாலும் இவை ரத்தத்தில் கசியும். கண் மஞ்சளாகவில்லை, பிலிரூபின் சரியாக இருக்கிறது, ஆனால் இந்த இரண்டும் ஏறியிருக்கின்றன, கூடவே கை கால் பலமும் குறைகிறது என்றால், "சி.பி.கே. பார்க்கலாமா, டாக்டர்?" என்று கேளுங்கள். அது தசையின் கணக்கு. தசை அழற்சியில் பெரும்பாலும் அது பல மடங்கு ஏறியிருக்கும். இந்த ஒரு கேள்வியை ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் உங்கள் ஓர்ப்படிக்கு இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும். உங்கள் வீட்டில் வேடிக்கை என்னவென்றால், தசையால் ஏறிய எண்ணைக் கல்லீரல் என்று நினைத்தீர்கள். கடைசியில் கல்லீரலிலும் நிஜமாகவே கோளாறு இருந்திருக்கிறது.

தசைக்கும் புற்றுநோய்க்கும் என்ன உறவு? நம் உடம்பில் காவல்காரர்கள் இருக்கிறார்கள். வேற்றாளைக் கண்டால் அடிப்பார்கள். எங்கேயோ ஒரு மூலையில் புற்றுக் கட்டி முளைக்கும்போது அதை அடிக்கக் கிளம்புகிறவர்கள், கட்டியில் இருக்கிற ஏதோ ஒரு புரதத்தின் சாயல் தசையிலும் தோலிலும் தெரிவதைக் கண்டு அவற்றையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து 2001-ல் வெளியான ஆய்வில், டெர்மடோமயோசைட்டிஸ் வந்த 618 பேரில் 198 பேருக்கு, தசை நோய்க்கு முன்னாலோ பின்னாலோ, புற்றுநோய் இருந்தது. சினைப்பை, நுரையீரல், கணையம், வயிறு, குடல் என்று பட்டியல் நீளுகிறது. கல்லீரல் அந்த வரிசையில் முன்னால் நிற்பதில்லை. ஆனால் ‘பி' அல்லது ‘சி' வைரஸ் உடம்பில் உள்ளவருக்கு இப்படித் தசையும் தோலும் கெட்டு, தேடிப் பார்த்தபோது கல்லீரலில் கட்டி அகப்பட்டதாக மருத்துவர்கள் எழுதி வைத்த நோயாளிகள் உண்டு. சில நோயாளிகளுக்குத் தசை நோய்தான் முதலில் வருகிறது. கட்டி பிறகுதான் தெரிகிறது.

பயந்துவிடாதீர்கள். தசை அழற்சி வந்த எல்லோருக்கும் புற்று இல்லை, பெரும்பாலோருக்கு இல்லை. குழந்தைகளுக்கு வருகிற வகைக்கும் புற்றுக்கும் பொதுவாகத் தொடர்பு கிடையாது. ஆனால் நடுவயதில் ஒரு பெண்ணுக்கு இது வந்தால் மார்பு, வயிறு, சினைப்பை, கருப்பைவாய், மார்பகம் எல்லாவற்றையும் ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட வேண்டும். முதல் சில வருஷங்கள் மறுபடியும் பார்க்க வேண்டும். "ஸ்கேன் ஸ்கேன்னு காசைப் பிடுங்கறாங்க" என்று இந்த இடத்தில் அலுத்துக் கொள்ளக் கூடாது. கட்டியை எடுத்த பிறகு தசையின் பலம் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஓர்ப்படிக்கு நெல்லிக்காய் அளவில் கட்டி தெரிந்தது நல்ல காலம்தான். அந்த அளவில் அறுத்து எடுக்கவோ, ஊசி வழியாகச் சூடு செலுத்திப் பொசுக்கவோ பல சமயம் முடிகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று பார்த்து, கையோடு எடுத்துப் போங்கள்.

இப்போது மூல வேருக்கு வருகிறேன். காமாலை என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும் வைரஸ்கள் பல. ‘ஏ'யும் ‘ஈ'யும் தண்ணீரில் வருகிறவை. ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போதும் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்திலும் குழாயும் சாக்கடையும் கலக்கிற இடங்களில் பரவும். கண் மஞ்சளாகி, சோறு பிடிக்காமல் படுத்து, சில வாரங்களில் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். உடம்பில் தங்காது, புற்றாக மாறாது. (கர்ப்பிணிகளுக்கு மட்டும் ‘ஈ' மிகவும் பொல்லாதது, கடைசி மூன்று மாதம் கொதித்து ஆறிய நீரைத் தவிர வேறு குடிக்காதீர்கள்.) ‘பி'யும் ‘சி'யும் வேறு ஜாதி. ரத்தத்தின் வழியாக வருகிறவை. ‘பி' தாம்பத்திய உறவிலும், தாயிடமிருந்து பிரசவ நேரத்தில் குழந்தைக்கும் போகும். பெரியவர்களைப் பிடித்தால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அதைத் துரத்திவிடுவார்கள். பிறந்த குழந்தையைப் பிடித்தாலோ, நூற்றில் தொண்ணூறு குழந்தைகளிடம் நிரந்தரமாகக் குடியேறிவிடும். முப்பது, நாற்பது வருஷம் ஒரு தொந்தரவும் தராது. கண் மஞ்சளாகாது. கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், நாற்று நடும். உள்ளே கல்லீரல் மட்டும் அரித்துக்கொண்டே இருக்கும். 2022-ல் இந்தியாவில் ‘பி' வைரஸோடு வாழ்கிறவர்கள் ஏறக்குறைய 2 கோடியே 98 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெரும்பாலோருக்கு அது தெரியாது.

இந்த வைரஸைக் கண்டுபிடித்த கதையே விசித்திரமானது. அமெரிக்காவின் டாக்டர் பரூக் பிளம்பர்க் காமாலையைத் தேடிப் போனவர் அல்லர். பல நாட்டு மக்களின் ரத்தத்தில் உள்ள வேற்றுமைகளை ஆராயும்போது, ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் ரத்தத்தில் புதிதாக ஒன்றைப் பார்த்தார். அதுதான் ‘பி' வைரஸின் மேலுறை என்று பிறகு புரிந்தது. 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1981-ல் தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியாயிற்று. ‘பி' வைரஸ் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்று வருவது, இல்லாதவர்களைவிட இருநூறு மடங்குக்கும் மேல் என்று அதில் தெரிந்தது.

அதே பிளம்பர்க்தான் நம் வரப்புக் கீழாநெல்லிக்கும் வந்தார். சென்னைப் பல்கலைக் கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும் அவரும் சகாக்களும் 1988-ல் ‘லான்செட்' என்ற பிரபல மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘பி' வைரஸைச் சுமப்பவர்கள் 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லியைப் பொடியாகக் கொடுத்ததில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது, வெறும் போலி மருந்து கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. நம் ஊர் மூலிகைக்கு இப்படி ஒரு மதிப்பா என்று யாருக்குத்தான் பூரிப்பு வராது! ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்றைக்குக் கீழாநெல்லியை ‘பி'க்கு மருந்து என்று சொல்ல முடியாது. நான் மூலிகைக்கு விரோதி அல்ல. தண்ணீர்க் காமாலை தானே சரியாகிற வியாதி. மோரில் அரைத்துக் குடித்த கீழாநெல்லிக்கு அந்தப் புகழ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதை நம்பி ‘பி'க்கும் மாதக் கணக்கில் காத்திருப்பதுதான் ஆபத்து. காமாலைக்குச் சூடு போடுவதும் கண்ணில் சாறு பிழிவதும் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அதைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும்.

தசை நோய் வைத்தியத்தில் ‘பி' வைரஸ் இன்னோர் இடத்திலும் குறுக்கிடும். தசை அழற்சிக்கு முதல் மருந்து ஸ்டீராய்டு. கை தூக்க முடியாதவரைத் தலை வார வைக்கிற மருந்து அது. ஆனால் காவல்காரர்களைத் தூங்க வைத்துத்தான் அது வேலை செய்கிறது. காவல் தூங்கினால், கல்லீரலில் பதுங்கியிருக்கிற ‘பி' எழுந்து ஆடும், சில சமயம் கல்லீரலையே சில வாரங்களில் அழித்துவிடும். அதனால்தான் அந்த டாக்டரம்மா மாத்திரைக்கு முன்னால் ரத்தம் பார்த்தார். வைரஸ் இருந்தால் ஸ்டீராய்டே கூடாது என்பதில்லை. டெனோஃபோவிர் அல்லது என்டகாவிர் மாத்திரையைக் காவலுக்குப் போட்டுவிட்டு அதைக் கொடுப்பார்கள். ‘பி'க்கு மாத்திரை ஆரம்பித்தால், உடம்பு தேறிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. வாசகிகள் யாருக்காவது மூட்டு, தோல், தசை என்று எதற்காகவும் நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதினால், "ஹெச்.பி.எஸ்.ஏஜி. பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். உடம்பு வலிக்கென்று பெயர் தெரியாமல் பொட்டலம் கட்டித் தருகிற மாத்திரைகளை வாங்கவே வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டும் இருக்கலாம்.

இனி உங்கள் கேள்வி. கர்ப்பிணி அட்டையை எடுத்துப் பாருங்கள், ஹெச்.பி.எஸ்.ஏஜி. பரிசோதனை அதில் குறித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக்கே எடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வைரஸ் இல்லை என்றால் ஓர்ப்படியிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கு நேரே போக வழியே இல்லை. எப்படியானாலும் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ‘பி' தடுப்பூசி போட்டாக வேண்டும். ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் சரி, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தாலும் சரி, அரசில் இது இலவசம். பிறகு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் ஐந்து நோய் ஊசியோடு சேர்ந்து வரும். தாய்க்கு வைரஸ் இருந்தால் முதல் ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னோர் ஊசியும் உண்டு. வைரஸ் மிக அதிகமாக இருந்தால் கடைசி மாதங்களில் தாய்க்கே மாத்திரை உண்டு. ஊசி போட்ட குழந்தைக்குத் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். "ஞாயிற்றுக்கிழமை பிறந்தது, செவ்வாய்க்கிழமை போடலாம்", "அப்பாயி பார்க்காமல் ஊசியா?" என்பதற்கெல்லாம் இடம் கொடுக்காதீர்கள். தைவானில் 1984-ல் குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அங்கே சிறுவர்களுக்கு வருகிற கல்லீரல் புற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. தமிழ்நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் இது சேர்ந்தது 2007-08 வாக்கில்தான். ஆகவே இப்போது தாயாகிற பெண்களில் பலர் சிறு வயதில் இந்த ஊசி போடாதவர்கள். பரிசோதித்துவிட்டு மூன்று தவணை போட்டுக் கொள்ளலாம்.

ஓர்ப்படியின் கணவர், பிள்ளைகள், அவரைப் பெற்ற தாயார், கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் ரத்தம் பார்க்க வேண்டும். இருப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கல்லீரல் ஸ்கேன், இல்லாதவர்களுக்கு ஊசி. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

தட்டும் டம்ளரும்? ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதாலும், பக்கத்தில் உட்காருவதாலும், கட்டிப் பிடிப்பதாலும் இது வராது. பிரிக்க வேண்டியவை வேறு: சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, ஊசி. உலர்ந்த ரத்தத் துளியில்கூட ஒரு வாரம் உயிரோடு இருக்கிற வைரஸ் இது. குழந்தைக்குக் கோயிலில் மொட்டை போடும்போது புது பிளேடைப் பிரிப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். காது குத்தவும் புது ஊசி. கிளினிக்கில் ஊசி போட்டாலும் உறையைப் பிரிப்பதைப் பார்க்க வேண்டும். குஜராத்தில் மொடாசா பக்கம் 2009-ல், ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போட்டதில் ‘பி' பரவிப் பல உயிர்கள் போயின.

அடுக்களை விஷயம் ஒன்று பாக்கி. ‘பி' உள்ளவர்களுக்குச் சாராயம் விஷம். அதுபோலவே இன்னொன்று, ஈரம் தாக்கிப் பூசணம் பிடித்த வேர்க்கடலையிலும் தானியத்திலும் ஊறுகிற அஃப்ளடாக்ஸின். வைரஸும் இதுவும் சேர்ந்தால் கல்லீரல் புற்று அபாயம் பல மடங்கு ஏறுகிறது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் கடலை போடுகிற வீடுகளில் மழைக்காலத்தில் மூட்டையை ஈரத் தரையில் போடாமல் பலகை மேல் வையுங்கள். கறுத்தது, சுருங்கியது, கசக்கிறது எதையும் "வறுத்தால் சரியாகிவிடும்" என்று சட்னியில் சேர்க்காதீர்கள். வறுத்தாலும் அந்த விஷம் முழுக்கப் போகாது.

வளைகாப்பு அன்று உங்கள் ஓர்ப்படி தாராளமாகச் சந்தனம் பூசி வளையல் போடட்டும். கை தூக்கச் சிரமப்பட்டால் நீங்கள் உங்கள் கையைக் கொஞ்சம் தாழ்த்திக் கொள்ளுங்கள். அத்தைக்கு இந்தப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். என்மேல் கோபம் வந்தால் எனக்கே நேராக எழுதட்டும். பிரசவமானதும் மறக்காமல் ஒரு கார்டு போடுங்கள்: என்ன குழந்தை, எத்தனை மணிக்குப் பிறந்தது, எத்தனை மணிக்கு ஊசி போட்டார்கள் என்று.